வாளுக்கு என் குரல்

ஜூன் 3, செவ்வாய்

வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தபோது டப்பிங் டைரக்டர் ஃபெலிக்ஸ் சார் போனில் கூப்பிட்டார்.

"வசும்மா, ஒரு வாளுக்குக் குரல் குடுக்கணும்."

"எந்த மிருகத்தோட வால் சார்?"

"வால் இல்லம்மா, வாள்! கத்தி! காலையிலேர்ந்து யார்கிட்ட சொன்னாலும் இதையே கேக்குறாங்க. தமிழை முடிச்சுட்டோம் போலிருக்கு."

இருபது வருட டப்பிங்கில் கதாநாயகிகளுக்குப் பேசியிருக்கிறேன், பேய்களுக்குப் பேசியிருக்கிறேன். ஒரு எலிக்கும், பாத்திரம் துலக்கும் சோப்புக்கும்கூடப் பேசியாயிற்று. ஆயுதத்துக்குப் பேசியதில்லை. ஜப்பான் படமாம். அங்கே வருடக்கணக்கில் வந்த ஒரு சித்திரக்கதையைப் படமாக எடுத்திருக்கிறார்கள். ஒரு சாமுராய், அவன் இடுப்பில் ஒரு வாள், வாளுக்குள் ஒரு பெண்ணின் ஆவி. அவள் பேசுவது அவனுக்கு மட்டும்தான் கேட்கும்.

"சாமுராய்க்கு யாரு சார்?"

"இதென்ன கேள்வி? உங்க வீட்டுக்காரர்தான். ஜப்பான்காரங்க ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. வாளும் சாமுராயும் ஒரே ரூம்ல ஒண்ணா நின்னு பேசணுமாம். தனித்தனியா எடுத்து ஒட்டுனா ஒத்துக்க மாட்டாங்களாம். அதான் ஜோடியாவே புடிச்சுட்டேன். வியாழக்கிழமை ஒரே வண்டில வந்துருங்க. இங்க பார்க்கிங்குக்கு அடிதடி."

சரி என்றேன். போன வருடத்துக்கு முந்தின வருட ஐப்பசியிலிருந்தே நாங்கள் வேறு வேறு வண்டியில், வேறு வேறு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று கையில் வாழைக்காயை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? துறையில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் தனித்தனி டிராக்கில் பேசிவிட்டுப் போகிற காலம் இது, யார் யாரோடு வந்தார்கள் என்று பார்க்க ஆளில்லை. மகள் மிருதுளாவுக்குத் தெரியும், வக்கீல் சம்பந்தத்துக்குத் தெரியும். இந்த மாதம் முப்பதாம் தேதி குடும்பநல நீதிமன்றத்தில் கடைசி வாய்தா. இருவரும் சம்மதித்துப் போட்ட மனு. நீதிபதி கேட்பார், ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

வேலை வேலைதான். இந்தக் குறிப்பில் இனி 'அவர்' என்று எழுதப் போவதில்லை. தில்லைநாதன். முழுப்பெயர்.

வாழைக்காய் கறுத்துவிட்டது. வறுத்தால் தெரியாது.

ஜூன் 4, புதன்

கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து மிருதுளா போனிலேயே குதித்தாள்.

"அம்மா! நீ அசாகிரியா? நீயா? சத்தியமா?"

"ஏண்டி, அவ அவ்வளவு பெரிய ஆளா?"

"எங்க ஃப்ளோர்ல பாதிக் கதவுல அவ படம்தாம்மா இருக்கு. அந்த காமிக்ஸ் மொத்தமும் நான் ரெண்டு தடவ படிச்சுட்டேன்."

கதையையும் அவள்தான் சொன்னாள். குளிர்காலம் முடியவே முடியாத ஒரு நாடு. மலைமேல் இருக்கும் அரக்கர்கள் வசந்தத்தைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள். எஜமானனை இழந்த சாமுராய் ஜின்பே ஆற்றிலிருந்து ஒரு வாளை எடுக்கிறான். அந்த ஆற்றில் மூழ்கிச் செத்த படகோட்டிப் பெண் அசாகிரி அதற்குள் இருக்கிறாள். படகோட்டி அல்லவா, வாய் ஓயாது. வழி சொல்வாள், வம்பு பேசுவாள், அவன் நடக்கிற நடையைக் கிண்டல் செய்வாள். அவன் 'ம்' என்பான். ஆனால் ஒவ்வோர் அரக்கனை வெட்டும்போதும் அவளுக்குக் கொஞ்சம் பேச்சுப் போய்விடும்.

"கடைசில என்னடி ஆகும்?"

"சொல்ல மாட்டேன். நான் மூணு நாள் அழுதேன். நீயும் அழு." பிறகு கேட்டாள், "ஜின்பேக்கு அப்பாவா?"

"ஆமா."

"அப்பா நடிக்கவே வேணாமே!"

இருவரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் "படிக்கணும்மா" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 5, வியாழன்

எனக்கு முன்பே அவர் வந்திருந்தார். தில்லைநாதன் வந்திருந்தார். இளைத்திருக்கிறார். கோடு போட்ட சட்டையில் இரண்டாவது பொத்தான் வேறு நிறம். தானே தைத்திருக்க வேண்டும்.

"வண்டி எங்க?" என்றார் ஃபெலிக்ஸ் சார்.

"நான் பஸ்ல வந்தேன் சார், வழியில ஒரு வேலை இருந்துச்சு" என்றேன். தில்லைநாதன் தரையைப் பார்த்தார்.

ஒரே கண்ணாடி அறையில் இரண்டு மைக். எதிரே திரை. வெளியே ஒலிப்பதிவுக் கன்சோலில் நஸ்ரின், வயதில் சின்னவள், காது மட்டும் பாம்புக் காது. முதல் காட்சி பனிப்பாலம். எனக்கு ஒரு பக்கத்துக்கு வசனம்.

"அந்தப் பாலத்துல கால் வைக்காதே. பாலம் மாதிரி இருக்கு, ஆனா அது பாலம் இல்ல. இடப்பக்கம் மரம். மரத்துக்குப் பின்னால ஆளுங்க ஒளிஞ்சிருக்காங்க. அதுல ஒருத்தனுக்கு ஜலதோஷம், மூக்கை உறிஞ்சுறான். கேக்குதா உனக்கு?"

"ம்."

"கட்!" என்றார் ஃபெலிக்ஸ் சார். "தில்லை, இந்த 'ம்' இல்ல. வேற மாதிரி."

அவர் வேறு மாதிரி சொன்னார். அதுவும் இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. ஃபெலிக்ஸ் சாருக்கு எது வேண்டும் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை, கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"சார், இப்ப இவர் சொல்றது 'குழம்பு நல்லா இருக்கு' ம். உங்களுக்கு வேணுங்கிறது 'கதவை அப்பவே பூட்டிட்டேன்' ம்."

நஸ்ரின் கன்சோல்மேல் கவிழ்ந்து சிரித்தாள். தில்லைநாதன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மைக்கைப் பார்த்து, "ம்" என்றார்.

"ஓகே!" என்று கத்தினார் ஃபெலிக்ஸ் சார். "அதேதான்! அதேதான்!"

அதற்கப்புறம் நாள் முழுக்க அப்படியே ஓடியது. 'பேப்பர் வந்துடுச்சு' ம். 'உங்க அக்காகிட்ட நீயே பேசிக்கோ' ம். 'தலைவலி, சொல்ல மாட்டேன்' ம். நான் பெயரைச் சொல்லச் சொல்ல அவர் சரியாக எடுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். கரண்ட் போய்ப் போய் வந்தது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று முழுக்கச் சண்டை. வசனம் கிடையாது, மூச்சும் முக்கலும் மட்டும். ஜின்பே வெட்டும்போது அவருக்கு ஒரு சத்தம், வாள் எலும்பில் படும்போது எனக்கு ஒரு சத்தம். முதல் மலையின் அரக்கனுக்கு உடம்பெல்லாம் வாய். ஒரு வாயை வெட்டினால் பக்கத்து வாய் திட்டும். இரண்டு நடுவயதுக்காரர்கள் எதிரெதிரே நின்று "ஹா", "ஹூ", "ஹ்ர்ர்" என்று பாதி நாள் கத்தினோம். நடுவில் டீ கொண்டுவந்தவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, தட்டோடு திரும்பிப் போய்விட்டார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்து, அது அவரையும் தொற்றி, அரக்கன் சாவதற்கு மேலும் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

முடிந்ததும் பேசாமல் ஒரு பொட்டலத்தை நீட்டினார். பனங்கற்கண்டு. இந்தத் தொழிலில் தொண்டை பொதுச் சொத்து, அதனால் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

வத்தக்குழம்பு கொஞ்சம் கூடுதலாகிவிட்டது. ஒருத்திக்குச் சமைப்பதில் இதுதான் கஷ்டம், அளவு பிடிபடுவதில்லை. கொட்ட மனமில்லாமல் இரண்டு டப்பாவில் கட்டினேன். அப்பளமும் பொரித்தது மிஞ்சியிருந்தது.

அவர் சாப்பிட்டுவிட்டு "ம்" என்றார். எந்த ம் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

ஸ்டூடியோவில் ஏசி எலும்பு வரை இறங்குகிறது. அவருடைய சால்வையைப் போர்த்திக்கொண்டு பேசினேன். மறந்துபோய் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

மூன்றாவது மலை. மத்தியானம் ஒரு டேக் நடுவில் ஃபெலிக்ஸ் சார் நிறுத்தினார்.

"தில்லை, தொண்டை கரகரன்னு இருக்கே. என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார் அவர்.

அந்த 'ஒண்ணுமில்ல' என் காதில் ஹெட்ஃபோன் வழியாக விழுந்ததும் தாளில் படித்துக்கொண்டிருந்த இடம் தவறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பேசினார், குரல் தெளிவாகத்தான் இருந்தது. வெறும் சளி. எனக்குத்தான் அதற்கப்புறம் வசனம் ஓடவில்லை.

இதை ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன்.

நாங்கள் பிரிவதற்கு முந்தின மாதம், காய்கறிக் கடையில் ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, நீங்க தில்லைநாதன் சார் வீட்லதானே? சாருக்குத் தொண்டை இப்ப எப்படி இருக்கு? கட்டி கெட்டது இல்லைன்னு ரிப்போர்ட் வந்தப்ப நாங்க எல்லாரும் எவ்ளோ சந்தோஷப்பட்டோம் தெரியுமா, சார் குரலுக்கு நாங்க அப்படி ஒரு விசிறி" என்றாள். ஆஸ்பத்திரி நர்ஸ். நான் தலையாட்டினேன். கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் தொண்டையில் கட்டி வந்திருக்கிறது. தனியாகப் போய்ச் சோதனைக்குச் சதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட் வரும்வரை என் பக்கத்தில் படுத்து, நான் போட்ட காப்பியைக் குடித்து, பேப்பர் படித்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைனுதானே வந்துச்சு" என்றார்.

ஹைதராபாத்தில் சீரியலுக்கு ஒத்துக்கொண்டதை அவர் பெட்டி கட்டும்போதுதான் தெரிந்துகொண்டேன். அதைப் பொறுத்துக்கொண்டேன். அவர் தம்பி வீட்டுச் சண்டையை ஊரார் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தன் குரலே போய்விடுமோ என்று ஒரு மனிதர் பயந்த நாட்களில், என்னோடு சேர்ந்து பயப்படலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அப்படியானால் அந்த வீட்டில் நான் யார்? அந்த ஐப்பசியில் கிளம்பிவிட்டேன்.

வெறும் சளிதான். நாளைக்குத் தூதுவளை கிடைத்தால் ரசம் வைக்கலாம். நாளை ஞாயிறு, ஸ்டூடியோ விடுமுறை. திங்கட்கிழமைக்கு.

ஜூன் 17, செவ்வாய்

அசாகிரிக்கு வார்த்தைகள் போய்க்கொண்டிருக்கின்றன. முதல் மலையில் ஒரு பக்கத்துக்குப் பேசியவள், நான்காவது மலையில் 'ஆறு' என்ற சொல்லைத் தேடுகிறாள். "அது... ஓடுமே... ஈரமா..." என்கிறாள். நான் அழுகையோடு சொன்னேன். ஃபெலிக்ஸ் சார் வேண்டாம் என்றார்.

"வசும்மா, அவளுக்கு இன்னும் தெரியாது, பேச்சு போகுதுன்னு. சாவியை எங்கயோ வச்சுட்டுத் தேடுற மாதிரி தேடட்டும். அழுறதை ஜனங்க பாத்துக்குவாங்க."

சரியாகச் சொன்னார். அப்படியே பேசினேன். திரும்பிப் பார்த்தால் தில்லைநாதன் தன் வசனத்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு வசனமே கிடையாது.

ஜூன் 19, வியாழன்

என் பகுதி முடிந்தது.

கடைசி மலையில் பனிமூட்டம். ஜின்பேக்கு எதுவும் தெரியவில்லை. அரக்கன் பின்னாலிருந்து வருகிறான். அசாகிரியிடம் ஒரே ஒரு சொல் மிச்சமிருக்கிறது. பிரிவுச் சொல்லாக இருக்கும், அன்பாக ஏதாவது இருக்கும் என்று நினைத்துத்தான் தாளைப் புரட்டினேன். "இடப்பக்கம்." அவ்வளவுதான். அவன் இடப்பக்கம் திரும்புகிறான், வெட்டுகிறான், பிழைக்கிறான். வாள் இரண்டாக உடைகிறது.

ஒரே டேக். நஸ்ரின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பெண் கடைசியாகச் சொல்வது ஜாக்கிரதை என்பதாக இருப்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஜூன் 20, வெள்ளி

எனக்கு வேலையில்லை. சால்வையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். போனபோது அவருடைய கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருந்ததால் நஸ்ரின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பனி உருகி ஆறு ஓடத் தொடங்குகிறது. கரையில் ஜின்பே உடைந்த வாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். படம் முழுக்க 'ம்' என்று வந்தவன் இப்போது பேசுகிறான். அவள் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டேன் என்கிறான். அவள் கேலி செய்த நடையை மாற்றிக்கொள்ளாததே அவள் திரும்பவும் கேலி செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் என்கிறான். குளிரெல்லாம் உன் பேச்சில்தான் கழிந்தது, இனி வசந்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்கிறான்.

தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். ஒரு மூச்சுகூட இடம் மாறவில்லை. முடித்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார். பிறகு ஃபெலிக்ஸ் சார் எழுந்து நின்று கைதட்டினார், கண்ணெல்லாம் தண்ணீர். நான் சால்வையை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வாசல் வேப்பமரம் வரை பின்னாலேயே வந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்."

"அப்புறம் ஏன் கோவம்?"

"வாள் ஒடைஞ்சப்புறம் பேசி யாருக்கு என்ன பிரயோஜனம்? அவ கேட்டுக்கிட்டு இருந்தப்பவே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

"கதை அப்படி, வசு."

"எழுதிக் குடுத்தா ஊரையே அழ வைப்பீங்க. அதை நான் இருபது வருஷமா ஹெட்ஃபோன்ல கேட்டாச்சு. எழுதிக் குடுக்காததை எப்பப் பேசுவீங்க?"

தெருவில் ஒரு குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அது போகும்வரை நின்றார்.

"என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல."

"எதையாவது. கத்திரிக்கா வெலை. பக்கத்து வீட்டுச் சண்டை. நான் என்ன பக்கம் பக்கமா வசனமா கேட்டேன்?"

"ம்" என்றார்.

அவருடைய எல்லா ம்மும் எனக்குத் தெரியும் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். இந்த ம் புதிது. பஸ் முழுக்க யோசித்தும் பெயர் வைக்க முடியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சாயங்காலம் ரசம் கொதிக்கும்போது போன் வந்தது.

"நான்தான்" என்றார்.

"சொல்லுங்க."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இருந்தது.

"தண்ணி லாரி வந்துச்சு" என்றார்.

"சரி."

"காலையில. இல்ல, நேத்து சொல்லியிருந்தேன், இன்னைக்கு வந்துச்சு. டிரைவர் புதுசு. குழாயைத் தப்பா விட்டுட்டான். நம்ம தொட்டில இல்ல. பக்கத்து வீட்டுத் தொட்டில."

"ஐயோ."

"அதுல பாரு, பக்கத்து வீட்டுத் தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கு. அதை மொதல்ல சொல்லியிருக்கணும். தண்ணி வழிஞ்சு ரோட்டுக்கு வந்துருச்சு. மாடி வீட்டு சுந்தரேசன் லுங்கியோட ஓடி வந்து டிரைவரை நிறுத்தப் போயி, வழுக்கி... அடியெல்லாம் இல்ல. உக்காந்துட்டார். தண்ணிலயே உக்காந்துட்டு, ஒழுங்கா வேலை செய்யத் தெரியாதான்னு டிரைவரைக் கேக்குறார். அவன் கேக்குறான், உங்களுக்கு ஒழுங்கா நிக்கத் தெரியாதான்னு."

கதையை நடுவிலிருந்து தொடங்கினார், முன்னால் போனார், பின்னால் வந்தார், மூச்சு தவறிய இடத்தில் இருமினார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இந்த இருபது வருடத்தில் அவர் குரலை இவ்வளவு மோசமாக நான் கேட்டதே இல்லை.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம்... அவ்வளவுதான். நானும் ஒரு குடம் புடிச்சேன்."

ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டிருந்தது. அதைத் துடைக்கும்போது சிரித்துக்கொண்டே துடைத்தேன் போலிருக்கிறது. கீழ்வீட்டு அம்மா ஜன்னலில் பார்த்து, "என்ன வசுமதி, நல்ல சேதியா?" என்றாள். தண்ணி லாரி வந்தது என்றேன். இங்கேயா, எப்போது என்று குடத்தோடு வாசலுக்கு ஓடிவிட்டாள், பாவம்.

ஜூன் 23, திங்கள்

இன்றும் கூப்பிட்டார். சட்டைக்குப் பொத்தான் தைக்க நூல் வாங்கப் போனது பற்றி. கடைக்காரர் பச்சையை நீலம் என்று சாதித்தாராம்.

ஜூன் 24, செவ்வாய்

பல்லி.

ஜூன் 26, வியாழன்

ஜப்பானிலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது. ஃபெலிக்ஸ் சார் எங்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். வாளின் குரல் நன்றாக இருக்கிறதாம். சாமுராய் 'ம்' என்று சொல்கிற விதங்களைக் கேட்டு, சித்திரக்கதையை வரைந்த அம்மாள் தமிழில் இந்த ஒற்றை எழுத்துக்கு இத்தனை அர்த்தம் உண்டா என்று கேட்டிருக்கிறார்களாம்.

"உண்டுன்னு எழுதிடுங்க சார்" என்றேன்.

"அப்ப அகராதி நீங்கதான் போட்டுக் குடுக்கணும்" என்று சிரித்தார் ஃபெலிக்ஸ் சார்.

சாயங்காலம் மிருதுளா போன் செய்தாள். குரலில் கவலை.

"அம்மா, அப்பாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"ஏண்டி?"

"எனக்கு போன் பண்ணி அரைமணி நேரம் பேசினார்மா! பல்லி ஒண்ணு டியூப்லைட்டுக்குப் பின்னால குடித்தனம் இருக்காம். நான் என்ன சொல்றது? பயந்துட்டேன்."

"பயப்படாதே. பழகிக்கோ" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று என் காதிலேயே விழுந்தது. நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

வக்கீல் கூப்பிட்டார். நாளைக் காலை நேரத்தோடு வந்துவிட வேண்டும், கேள்வி இரண்டே இரண்டுதான், பதிலைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றார். "உங்களுக்கென்னம்மா, தெளிவாப் பேசுறதுதானே தொழில்."

மயில்கழுத்து நிறப் புடவையை இஸ்திரி போட்டேன். மற்றதெல்லாம் துவைக்கப் போட்டிருக்கிறது.

அவரிடமிருந்து இன்று போன் வரவில்லை. வர வேண்டும் என்று சட்டமா?

ஜூன் 30, திங்கள்

நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார இடமில்லை. கோடை விடுமுறை முடிந்து எல்லா வழக்கும் ஒன்றாக வந்து குவிந்திருந்தன. தூண் ஓரமாக ஒரு பெஞ்சின் நுனியில் அவர் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். உட்கார்ந்தேன். மேலே மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வேறு எங்கோ போனது. வக்கீல் எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல."

நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவாரோ என்று எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பக்கத்துல ஒரு பூக்காரர். காஞ்சிபுரத்துக்காரர். அவருக்கும் தொண்டைதான். என்ன வேலை பண்றீங்கன்னு கேட்டார். குரல் குடுக்கிற வேலைன்னு சொல்ல வாய் வரல வசு. சொன்னா அது அப்பவே போயிடும்போல ஒரு பயம். டெய்லர்னு சொல்லிட்டேன்."

"டெய்லரா? பொத்தான் தைக்கத் தெரியாத நீங்களா?"

"அதான் வினை. அவர் உடனே கையைத் தூக்கிச் சட்டையைக் காட்டுறார். அக்குள்ல புடிக்குதாம், பிரிச்சு விடலாமா, துணி போதுமான்னு கேக்குறார். நான் என்னத்தைச் சொல்ல? துணியைத் தடவிப் பாத்து, பிரிக்கலாம், ஆனா மழைக்காலம் போகட்டும்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை முறைத்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

"அவர் அதை நம்பிட்டார். பின்னால உக்காந்திருந்த அம்மாவும் ரவிக்கைக்கு யோசனை கேட்டாங்க. ஒரு வழியா என் பேரைக் கூப்பிட்டாங்க. எழுந்தேன். அப்ப போனை எடுத்தேன். உன் பேர் வரைக்கும் போயிட்டேன்."

நிறுத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். குரல் கட்டை போல வந்தது. அதில் வித்தை ஒன்றுமே இல்லை.

"ஏன் அழுத்தல?"

"நீ எடுப்பே. ஹலோன்னு சொல்லுவே. அதைக் கேட்டா நான் அங்கயே ஒடஞ்சு உக்காந்துருவேன்னு தெரியும். உனக்குப் பயம் வரக் கூடாதுன்னு இல்ல வசு, அப்படிச் சொல்லிக்கிட்டேன், அது பொய். நான் பயந்ததை நீ பாத்துடக் கூடாதுன்னுதான். அந்தப் பூக்காரர் பாத்துட்டார். கையைப் புடிச்சுக்கிட்டார். முன்னப்பின்ன தெரியாத மனுஷன், நான் உள்ள போற வரைக்கும் கூடவே வந்தார். டாக்டர் ரூம் வாசல்ல அவர் சொன்னார்..."

"வசுமதி! தில்லைநாதன்!"

வக்கீல் சம்பந்தம் அங்கி பறக்க ஓடிவந்தார், முகமெல்லாம் வியர்வை.

"மூணு தடவ கூப்பிட்டாச்சும்மா உங்க பேரை! இவ்வளவு பக்கத்துல உக்காந்துக்கிட்டு ரெண்டு பேருக்கும் காது கேக்கலையா? ஜட்ஜ் ஃபைலை மூடி வச்சுட்டாங்க. நான் கெஞ்சிக் கேட்டு, அடுத்ததை முடிச்சுட்டு மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கேன். வாங்க, வாங்க."

யாரும் எழவில்லை. வக்கீல் என்னைப் பார்த்தார், தில்லைநாதனைப் பார்த்தார், எங்கள் இருவருக்கும் நடுவே பெஞ்சில் இருந்த கைகளைப் பார்த்தார். எப்போது பிடித்துக்கொண்டோம் என்று எனக்கும் தெரியாது. இத்தனை வருடம் இந்தக் கட்டடத்தில் நின்றவர், அவருக்குப் புரியாதா?

"வாபஸ்னு சொல்லப் போறீங்களா?" என்றார் மெல்ல.

நான் தில்லைநாதனைப் பார்த்தேன். அவர் தலையாட்டவும் இல்லை, ம் என்று சொல்லவும் இல்லை. "ஆமா சார்" என்றார். "நாங்க வீட்டுக்குப் போறோம்."

"அப்படின்னா அதையும் ரெண்டு பேரும் உள்ள வந்துதான் சொல்லணும். எந்திரிங்க சீக்கிரம்."

"வர்றோம் சார், ஒரே நிமிஷம்" என்றேன். "இவர் பேசிக்கிட்டிருக்கார்."

பிறகு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "பூக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.